ரைஃபிள் ஸ்கோப்: எத்தனை மடங்கு, எந்த ரெட்டிகிள்?

இலக்குச் சுடுதலுக்காக முதல்முறை ஸ்கோப் வாங்குபவர்கள் பெரும்பாலும் பெரிய எண்ணைத்தான் தேடுகிறார்கள். 24 மடங்கு கிடைக்கும்போது 12 எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஸ்கோப் தோட்டாவின் வழியை மாற்றுவதில்லை. உள்ளே தெரியும் குறிக்கோடு, அதாவது ரெட்டிகிள், இலக்கில் எங்கே நிற்கிறது, எவ்வளவு விலகுகிறது என்று உங்கள் கண்ணுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். உங்களால் திருத்திக்கொள்ள முடிகிற விலகலைத் தெளிவாகக் காட்டினால் போதும். அதைத் தாண்டிக் காட்டுகிற ஒவ்வொரு மடங்குக்கும் நீங்கள் வேறு எதையோ இழக்கிறீர்கள். எவ்வளவு தேவை என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் ஒன்று. நீங்கள் கலந்துகொள்ளப்போகும் போட்டியில் ஸ்கோப்புக்கு இடம் உண்டா என்று பாருங்கள். ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் இரண்டிலும் ஸ்கோப் கூடாது. அங்கே சிறு துளை வழியே குறிபார்க்கும் துளைப் பார்வைதான். பெஞ்ச்ரெஸ்ட் (மேசைமேல் தாங்கியில் வைத்துச் சுடுவது), எஃப்-கிளாஸ் (படுத்து, தாங்கியில் வைத்து நெடுந்தூரம் சுடுவது), ஃபீல்ட் டார்கெட், சில்லவெட் (விலங்கு வடிவ உலோக இலக்குகளை வீழ்த்துவது) போன்ற பிரிவுகள் ஸ்கோப்பை அனுமதிக்கின்றன. அவற்றிலும் சில உட்பிரிவுகள் வரம்பு விதிக்கும். பெஞ்ச்ரெஸ்டின் ஹன்டர் பிரிவில் 6 மடங்குக்கு மேல் போக முடியாது. விதிப்புத்தகத்தைப் படித்த பிறகு கடைக்குப் போவது நல்லது.

பெட்டியில் இருக்கும் எண்கள்

4-16×44 என்று எழுதியிருந்தால், உருப்பெருக்கத்தை 4 மடங்கிலிருந்து 16 மடங்கு வரை மாற்றலாம், முன்பக்க லென்ஸின் விட்டம் 44 மில்லிமீட்டர் என்று பொருள். 10×42 என்றால் மாறாத 10 மடங்கு. 16 மடங்கு என்பது 160 மீட்டரில் இருக்கும் இலக்கு வெறும் கண்ணுக்கு 10 மீட்டரில் தெரியும் அளவுக்குத் தெரியும் என்பது.

முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்பக்கத்தில் வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 44 மி.மீ. லென்ஸ் 16 மடங்கில் 2.75 மி.மீ. ஒளிவட்டம் தரும். பகல் வெளிச்சத்தில் கண்மணியின் துளை 2 முதல் 3 மி.மீ. வரைதான் திறந்திருக்கும் என்பதால் இது போதும். 40 மி.மீ. லென்ஸை 24 மடங்கில் வைத்தால் 1.7 மி.மீ. ஆகிவிடும். படம் மங்கும். அதைவிடத் தொல்லை, தலை கொஞ்சம் நகர்ந்தாலே ஓரத்தில் கருநிழல் பிறைபோல ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் கன்னத்தை ஒரே இடத்தில் வைக்கப் பழகாத புதியவரை இது அதிகம் படுத்தும். நீங்கள் அதிகம் பயன்படுத்தப்போகும் மடங்கில் ஒளிவட்டம் 2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் விட்டம் 25.4, 30, 34 மி.மீ. என்று வரும். தடித்த குழாய் என்றால் அதிக வெளிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தடித்த குழாயால் கிடைக்கும் முக்கிய லாபம், உள்ளே குறியை மேலும் கீழும் நகர்த்த இடம் கூடுவதுதான். நெடுந்தூரம் சுடாதவருக்கு அந்த இடம் அவசியமில்லை.

எல்லாவற்றையும் கோணத்தில் பாருங்கள்

ஸ்கோப் உலகில் அளவுகள் கோணத்தில்தான் பேசப்படுகின்றன. எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 29 மி.மீ. அகலம், 50 மீட்டரில் அதில் பாதி. மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 50 மீட்டரில் 5 சென்டிமீட்டர். ஒரு மில் என்பது ஏறத்தாழ 3.44 எம்ஓஏ. இந்த இரண்டு அலகுகளும் கைவந்துவிட்டால் மடங்கு, ரெட்டிகிள் இரண்டையும் ஒரே கணக்கில் தீர்த்துவிடலாம்.

எத்தனை மடங்கு?

நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு எம்ஓஏ அளவு நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியும். கண் மருத்துவர் காட்டும் அட்டையில் இயல்பான பார்வைக்குரிய வரியின் எழுத்துகள் 5 எம்ஓஏ உயரம் கொண்டவை. ஆகவே ஒரு தோட்டாத் துளை ஏறத்தாழ 5 எம்ஓஏ அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தால் அது துளை என்று தயக்கமில்லாமல் சொல்லிவிடலாம்.

.22 தோட்டாவின் விட்டம் 5.6 மி.மீ. 50 மீட்டரில் அது 0.385 எம்ஓஏ. 12 மடங்கு பெருக்கினால் 4.6 எம்ஓஏ, நன்றாகத் தெரியும். 25 மீட்டரில் இதே அளவுக்குத் தெரிய 6 மடங்கு போதும், 100 மீட்டரில் 24 மடங்கு வேண்டும். அதாவது .22 துளையை ஸ்கோப்பிலேயே பார்க்க வேண்டுமானால், மீட்டரில் உள்ள தூரத்தை நான்கால் வகுத்தால் தேவையான மடங்கு வந்துவிடும். இது வெள்ளைத் தாளில் விழும் துளைக்கான கணக்கு. கறுப்பு வட்டத்துக்குள் விழும் துளை இதைவிடச் சிரமமாகத்தான் தெரியும். உருண்டை முனைத் தோட்டா தாளைக் கிழித்துச் செல்வதால் துளையும் தோட்டாவைவிடச் சிறிதாகத் தோன்றும்.

இந்தக் கணக்கை 300 மீட்டருக்கு நீட்டினால் அது உடைந்துவிடும். 7.62 மி.மீ. துளை அங்கே 0.087 எம்ஓஏதான். அதைக் காண 50 மடங்குக்கு மேல் வேண்டும். அந்த மடங்கில் கானல் அலை படத்தைக் குழப்பித் துளையை மறைத்துவிடும். அந்தத் தூரத்தில் துளையைத் தனி ஸ்பாட்டிங் ஸ்கோப்போ, மின்னணு இலக்கோ, குழியில் நின்று குறிகாட்டுபவரோ பார்த்துச் சொல்ல வேண்டும். ரைஃபிள் ஸ்கோப்பின் வேலை குறிவைப்பது மட்டும். குறிவைக்கத் தேவைப்படும் மடங்கு, துளையைப் பார்க்கத் தேவைப்படுவதைவிட எப்போதும் குறைவு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தேவையில்லாத மடங்குக்குப் பணம் கொடுக்க மாட்டீர்கள்.

மடங்கு கூடக்கூட என்னென்ன போகிறது? முதலில் பார்வைப் பரப்பு. 4 மடங்கில் 100 மீட்டர் தள்ளி சுமார் 9 மீட்டர் அகலம் தெரியும். 24 மடங்கில் ஒன்றரை மீட்டர்தான். வரிசையாக ஒரே மாதிரி இலக்குகள் நிற்கும் மைதானத்தில் இதனால் பக்கத்துக்காரர் இலக்கைச் சுட்டுவிடுகிறார்கள். அந்தச் சுடு உங்களுக்குப் பூஜ்யம். குறைந்த மடங்கில் இலக்கின் எண் பலகையைப் பார்த்து உறுதி செய்துவிட்டு, அப்புறம் மடங்கைக் கூட்டும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

அடுத்தது நடுக்கம். துப்பாக்கியின் அசைவு மடங்கால் கூடுவதில்லை, அது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் விசையை இழுக்கும் விரல் கண்ணைத்தான் நம்புகிறது. நின்றுகொண்டு சுடும்போது 20 மடங்கில் குறி இலக்கின் இருபுறமும் ஓடுவதைக் காணும் புதியவர், அது நடுவைக் கடக்கும் கணத்தைப் பிடிக்க விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவார். தோட்டா நடுக்கத்தால் விலகுவதைவிட அந்த வெடுக்கால் அதிகம் விலகும். அதே ஆள் 8 மடங்கில் வைத்தால் குறி ஏறக்குறைய நிற்பதுபோலத் தோன்றும், விரல் மெல்ல அழுத்தும், துளைகளின் குழு சுருங்கும். நின்ற நிலையில் 8 முதல் 12, குப்புறப் படுத்துச் சுட 12 முதல் 20, மேசையில் மணல் மூட்டைமீது வைத்துச் சுட 24 அல்லது அதற்கு மேல் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. பெஞ்ச்ரெஸ்ட் வீரர்கள் 36, 45 மடங்கு ஸ்கோப்புகளை வைத்திருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவர்களுடைய துப்பாக்கி தாங்கியில் கிடக்கிறது, இலக்கின் தூரமும் மாறுவதில்லை.

மூன்றாவது கானல். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் சூடான காற்று இலக்கை நெளிய வைக்கும். இலக்கு பெரிதானால் நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். காலையில் 24 மடங்கில் கண்ணாடிபோல இருந்த படம் மதியம் கொதிப்பதுபோலத் தெரிந்தால், 15க்கு இறக்குங்கள். வட்டத்தின் ஓரம் மறுபடி கூர்மையாகும். நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தால் காற்றின் திசையும் தெரியும். அடுத்தடுத்துச் சுட்டுக் குழல் சூடானாலும் இதே நெளிவு வரும். அது குழலிலிருந்தே எழுந்து ஸ்கோப்பின் முன்னால் போகிறது. அதற்கு மடங்கைக் குறைப்பது மருந்தில்லை. குழல் மேல் துணிப்பட்டை கட்டலாம், அல்லது ஆறவிடலாம்.

ஃபீல்ட் டார்கெட் ஒரு தனி வழக்கு. சுமார் 8 முதல் 50 மீட்டருக்குள் தூரம் சொல்லாமல் வைக்கப்படும் சிறு இலக்குகளை ஏர் ரைஃபிளால் வீழ்த்த வேண்டும். தூரத்தைத் தெரிந்துகொள்ள ஒரே கருவி ஸ்கோப்பின் ஃபோகஸ் சக்கரம். மடங்கு அதிகமானால் படம் கூர்மையாகும் இடம் குறுகும், தூரத்தைத் துல்லியமாகப் படிக்கலாம். அதனால் அங்கே 35, 50 மடங்குக்கு உண்மையான வேலை இருக்கிறது.

எந்தப் பிரிவு என்று இன்னும் முடிவாகாதவருக்கு ஒரே பரிந்துரை: 4-16 மடங்கு, பக்கவாட்டில் பாரலாக்ஸ் சக்கரம் உள்ளது. ஒரே விலையில் சுமாரான 6-24, நல்ல கண்ணாடியுள்ள 4-16 இரண்டும் இருந்தால் இரண்டாவதை எடுங்கள். மலிவான ஸ்கோப்பில் 18க்கு மேல் படம் பால் கலந்ததுபோல மங்கிவிட்டால், அந்த மேல் மடங்குகள் பெட்டியில் அச்சான எண்களாகவே இருந்துவிடும்.

பாரலாக்ஸ்

10 மடங்குக்கு மேல் போகிறவர் இதைத் தவிர்க்க முடியாது. இலக்கின் படமும் ரெட்டிகிளும் ஸ்கோப்புக்குள் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண்ணை அசைக்கும்போது குறி இலக்கின்மேல் நகரும். துப்பாக்கி அசையாமலே குறி மாறுகிறது என்றால் தோட்டா எங்கே போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சோதிப்பது எளிது. வெறுமையான துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். குறி நகர்ந்தால் சக்கரத்தைத் திருப்பி நகராத இடத்தைப் பிடியுங்கள். சக்கரத்தில் அச்சிட்ட தூரத்தை நம்ப வேண்டாம். உங்கள் கண் சொல்வதே சரி. சக்கரம் இல்லாத ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும், .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாத் துப்பாக்கிகளுக்கானவை 50 கெஜத்துக்கு. ஏர் ரைஃபிளுக்கு வாங்குகிறீர்கள் என்றால் சக்கரம் 10 மீட்டர் வரை இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் அருகிலுள்ள இலக்கு அதிக மடங்கில் மங்கலாகவே இருக்கும்.

ரெட்டிகிள்: கோட்டின் தடிமன் முதலில்

ரெட்டிகிளைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன் நடுப்பகுதியின் தடிமனைப் பாருங்கள். தயாரிப்பாளர் அதை எம்ஓஏ அல்லது மில்லில் கொடுத்திருப்பார். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கின் பத்து வளையம் 10.4 மி.மீ. அகலம். எட்டில் ஒரு எம்ஓஏ அளவுள்ள புள்ளி அந்தத் தூரத்தில் 1.8 மி.மீ.; வளையத்துக்குள் வசதியாக உட்காரும். 0.05 மில் தடிமன் உள்ள கோடு 2.5 மி.மீ.; இதுவும் சரி. வேட்டைக்கான ஸ்கோப்பில் 0.4 எம்ஓஏ தடிமனில் கோடு இருந்தால் 5.8 மி.மீ.; வளையத்தில் பாதிக்கு மேல் மறைந்துவிடும். மறைத்துவிட்ட இடத்துக்குள் எங்கே குறிவைக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. நடுக்குறி பத்து வளையத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் தவறாது.

மெல்லிய கோட்டுக்கும் எதிரி உண்டு. கறுப்பு வட்டத்தின்மேல் கறுப்புக் கோடு கரைந்துபோகும். அப்போது கோட்டின் நடுவைத் தேடிக் கண்ணைக் களைப்பாக்காமல், வட்டத்தை நான்கு சம பாகமாகப் பிரிப்பதுபோல வெளியே தெரியும் நான்கு கைகளைச் சமமாக்குங்கள். சமச்சீரைக் கண் மிக நன்றாகப் பிடிக்கும். ஒளிரும் ரெட்டிகிள் இருந்தால் மிகக் குறைந்த வெளிச்சத்தில் வையுங்கள். கூட்டினால் சிவப்பு பரவி நடுப்புள்ளி தடித்துவிடும். பகலில் தாள் இலக்கைச் சுடுவதற்கு இந்த வசதி இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

வடிவங்களில் மெல்லிய சிலுவைக் கோடு, நடுவில் நுண்புள்ளி வைத்த சிலுவை இரண்டும் ஒரே தூரத்தில் தாள் இலக்கைச் சுடுபவருக்கு. டூப்ளெக்ஸ், ஓரத்தில் தடித்து நடுவில் மெலியும். புதரிலும் மங்கிய ஒளியிலும் உதவும், துல்லியத்துக்காகச் செய்ததல்ல. மில்-டாட்டில் ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடு வரை ஒரு மில். இன்று அதைவிட அரை மில்லுக்கும் அதற்குக் குறைவாகவும் கோடு போட்ட ரெட்டிகிள்களே வசதி. கீழே கிளைகிளையாக விரியும் மர வடிவம், பல தூரங்களில் வேகமாகச் சுடும் போட்டிக்கானது. ஒரே தூரத்தில் சுடுபவருக்கு அந்தக் கிளைகள் துளைகளை மறைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யா.

ரெட்டிகிள் எந்தத் தளத்தில்?

ரெட்டிகிளை ஸ்கோப்புக்குள் இரண்டு குவியத் தளங்களில் ஒன்றில் வைப்பார்கள். முன் லென்ஸ் பக்கமுள்ள முதல் தளத்தில் உள்ள ரெட்டிகிள், மடங்கை மாற்றும்போது இலக்கோடு சேர்ந்து வளரும், சுருங்கும். அதில் ஒரு மில் எந்த மடங்கிலும் ஒரு மில்தான். குறை என்னவென்றால், 5 மடங்கில் நூல்போலாகிக் காணாமல் போகும், 25இல் தடித்துத் தெரியும். இரண்டாம் தளத்து ரெட்டிகிள் எப்போதும் ஒரே தடிமனில் தெரியும். அதன் அளவுக்கோடுகள் ஒரே ஒரு மடங்கில் மட்டும் சரி, பெரும்பாலும் உச்ச மடங்கில். 24இல் சரியான ஸ்கோப்பை 12க்கு இறக்கினால் ஒரு மில் என்று எழுதிய இடைவெளி உண்மையில் இரண்டு மில். இதை மறந்து, காற்று தள்ளும் அளவுக்குக் குறியை ஒதுக்கி வைத்துச் சுட்டவர் இரண்டு மடங்கு ஒதுக்கிவிட்டு, காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

தூரம் மாறாத இலக்கு, டர்ரெட்டை (குறியை நகர்த்தும் குமிழை) திருப்பியே திருத்தம் என்றால் இரண்டாம் தளமே மேல்: கோடு மெல்லியது, விலையும் பெரும்பாலும் குறைவு. தூரம் மாறிக்கொண்டே இருந்து, ரெட்டிகிளின் கோடுகளை வைத்தே ஒதுக்கிச் சுடுவதானால் முதல் தளம். அப்படிச் சுடுபவர்களில் பலர் 5-25 ஸ்கோப்பை 12க்கும் 18க்கும் இடையில்தான் வைத்திருப்பார்கள். முதல் தளம் அவர்களுக்கு எந்த மடங்கிலும் கணக்குத் தவறாமல் காக்கிறது.

எதை எடுத்தாலும் ரெட்டிகிளும் டர்ரெட்டும் ஒரே அலகில் இருக்கட்டும். மில் ரெட்டிகிள், ஒரு கிளிக்குக்கு (டர்ரெட் ஒருமுறை சொடுக்கி நகர்வதற்கு) 0.1 மில் டர்ரெட் என்றால் தோட்டா ஒரு மில் கீழே விழுந்ததைக் கண்டதும் 10 கிளிக் மேலே போகலாம். மில் ரெட்டிகிளோடு கால் எம்ஓஏ டர்ரெட் சேர்ந்த ஸ்கோப்புகளும் விற்கின்றன. அதில் அதே ஒரு மில்லுக்கு 14 கிளிக். போட்டியின் நெருக்கடியில் இந்தப் பெருக்கல் தவறாமல் இருக்காது. கிளிக்கின் அளவும் பார்க்க வேண்டியதே. 100 மீட்டரில் 0.1 மில் 10 மி.மீ., கால் எம்ஓஏ 7 மி.மீ., எட்டில் ஒரு எம்ஓஏ 3.6 மி.மீ. பெஞ்ச்ரெஸ்டுக்கு மூன்றாவது வேண்டும். மற்றவர்களுக்கு முதல் இரண்டில் எதுவும் சரி.

பொருத்தியபின் செய்ய வேண்டியவை

கண்பக்க வளையத்தை முதலில் சரிசெய்யுங்கள். வெளிர் சுவரையோ சூரியன் இல்லாத வானத்தையோ நோக்கி, இரண்டு மூன்று நொடி மட்டும் உள்ளே பார்த்து, ரெட்டிகிள் பார்த்தவுடனே கூர்மையாகத் தெரியும் வரை வளையத்தைத் திருப்புங்கள். அதிக நேரம் பார்த்தால் கண் தானே ஈடுகட்டிவிடும், அளவு தவறும். சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியை உச்ச மடங்கில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் அது 75 முதல் 100 மி.மீ., மடங்கு ஏறும்போது அந்த இடம் குறுகும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் வளையங்களின் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள், பொதுவாக 2 நியூட்டன் மீட்டருக்குள். அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கும், பாரலாக்ஸ் சக்கரமும் மடங்கு வளையமும் இறுகிக்கொள்ளும்.

ரெட்டிகிள் சாயாமல் நிற்கிறதா என்பதைத் தூக்குநூல் தொங்கவிட்டுப் பாருங்கள். 3 டிகிரி சாய்வு 50 மீட்டரில் தெரியாது. 10 மில் ஏற்றி 1,000 மீட்டரில் சுடும்போது அதே சாய்வு தோட்டாவை அரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு வாங்குகிறவர் அதற்கென்று உறுதி சொல்லப்பட்ட ஸ்கோப்பையே வாங்க வேண்டும். அந்தத் துப்பாக்கி முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதைக்கும். பின்னுதையை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப்பில் உள்ளே லென்ஸ் தளர்ந்து குறி அலையத் தொடங்கும்.

கடைசியாக, அளவுக்கோடுகளை நீங்களே சோதியுங்கள். வெள்ளைத் தாளில் 10 செ.மீ. இடைவெளியில் கோடுகள் போட்டு, நாடாவால் அளந்த 100 மீட்டரில் ஒட்டுங்கள். காலடி எண்ணி அளந்தால் போதாது. துப்பாக்கியை அசையாமல் தாங்கி, ரெட்டிகிளின் ஒரு மில் கோடுகள் தாளின் கோடுகளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் தளத்து ஸ்கோப்பானால் மடங்கு வளையத்தைத் திருப்பி, சரியாகப் பொருந்தும் இடத்தில் மெல்லிய வண்ணப்புள்ளி வையுங்கள். பெரும்பாலும் அது அச்சிட்ட எண்ணிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும். பிறகு டர்ரெட்டில் 50 கிளிக் மேலே, 50 வலப்புறம், 50 கீழே, 50 இடப்புறம் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் மூன்று தோட்டா சுடுங்கள். 0.1 மில் கிளிக் என்றால் 100 மீட்டரில் பக்கத்துக்கு 50 செ.மீ. உள்ள சதுரம் வரவேண்டும், கடைசிக் குழு தொடங்கிய இடத்திலேயே விழ வேண்டும். திரும்பி வராத ஸ்கோப்பை, அதன் மடங்கு எவ்வளவாக இருந்தாலும், கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.